சீந்தில் கொடி வளையம்

மூங்கில் காட்டில் வெள்ளச்சி என்றொரு முயல் இருந்தது. அதன் மூத்த குட்டி வேடன் வைத்த கம்பிக் கண்ணியில் கழுத்து இறுகிச் செத்தது. வேடன் குட்டியைத் தூக்கிக்கொண்டு, கோணிப்போன கண்ணியை எறிந்துவிட்டுப் போனான். வெள்ளச்சி அதைக் கவ்விக்கொண்டு வந்தது.

அந்தக் கம்பிதான் பள்ளிக்கூடம் ஆனது. எந்தக் குட்டி வந்தாலும் வெள்ளச்சி முதலில் கம்பியை முகரச் சொல்லும். பிறகு அதன் காலை உள்ளே விட்டு ஓர் இழு இழுக்கும். குட்டி வீலென்று கத்தும். அப்படி அழுத குட்டி அந்த வாடைப் பக்கம் மறுபடி போகாது. கூலி என்று ஒரு புல்கூட வெள்ளச்சி வாங்கியதில்லை. அந்த மழைக்காலத்தில் ஒரு குட்டியும் கண்ணியில் விழவில்லை.

பேர் பரவியது. கீரி தேடி வந்தது.

"நல்லது செய்யிறவங்க ஒரே புதருக்குள்ள முடங்கிக் கிடக்கலாமா, அக்கா? குன்றுக்குக் குன்று பள்ளி வைப்போம்."

பள்ளிகள் காளான் மாதிரி முளைத்தன. கம்பியோ ஒன்றுதான். சீந்தில் கொடியை வளையமாகக் கட்டித் தொங்கவிட்டு, அதற்குப் புதுமுறைப் பாடம் என்று பேர் வைத்தார்கள். வலியில்லை, அழுகையில்லை. தாய்மார்களுக்குப் பரம திருப்தி. வெள்ளச்சிக்கும் மிச்சமிருந்த ஒரே குட்டி மிளகியின் காலில் கம்பியை மாட்ட மனம் வரவில்லை. கம்பி புதருக்கடியில் மண்மூடிக் கிடந்தது.

ஆண்டுவிழாவில் குட்டிகள் வளையத்துக்குள் பாய்ந்து காட்டின. மிளகிதான் எல்லாரையும்விட அழகாகப் பாய்ந்தது. யானை தும்பிக்கையைத் தூக்கி வாழ்த்தியது.

பாடம் நடத்தும் காடை மட்டும் தயங்கித் தயங்கி வந்தது. "அக்கா, இந்த வளையம் இறுக்காது. பிள்ளைங்க இதை விளையாட்டுன்னு நினைக்குதுங்க."

ஆற்றுக்கு அக்கரையில் அன்று புதுப் பள்ளி திறப்பு. வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வெள்ளச்சி கிளம்பிப் போனது. புத்தி கெட்ட நேரம், வேறென்ன சொல்ல!

மறுநாள் அது திரும்பி வந்தபோது, அம்மாவைக் கண்ட மிளகி தோழர்களோடு ஒற்றையடிப் பாதையில் ஓடிவந்தது. நடுவே செடிகளுக்கிடையில் ஒரு வளையம் தொங்கியது. வெள்ளச்சியின் மூக்கில் அந்தப் பழைய வாடை ஏறியது.

"பாயாதே!" என்று அலறியது.

"நான் பாயுறதைப் பாரும்மா" என்றது மிளகி. பாய்ந்தது.

அன்று மாலை காடைதான் பழைய கம்பியைத் தோண்டி எடுத்துக் குட்டிகளின் முன் போட்டது. அவை ஒவ்வொன்றாக முகர்ந்து அழுதன. வெள்ளச்சியும் அவற்றோடு அழுதது.

எதிலிருந்து ஒரு நற்செயல் பிறந்ததோ அதை மறந்துவிட்டுப் பேரை மட்டும் பரப்பினால், அதன் கேடு முதலில் தன் வீட்டுப் பிள்ளையைத்தான் தொடும்.