நேரம் கடத்திய நால்வர்

இது என் கண் முன்னால் நடந்ததில்லை. விடுதியில் என் அறையில் இருந்தவன் சொன்னான். அவனுக்கு அவன் அத்தை மகன் சொன்னானாம். அத்தை மகன் அந்த வகுப்பிலேயே இரண்டாவது பெஞ்சில் இருந்தவன்தான், ஆனால் பாதி நேரம் தூங்கியவன். ஆகவே கதையில் பாதிக்குத்தான் சாட்சி உண்டு. எந்தப் பாதிக்கு என்று அவனுக்கே தெரியவில்லை. கல்லூரியின் பெயர் வேண்டாம். தாமிரபரணிக்குத் தெற்கே என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அங்கே புவியியல் இரண்டாம் ஆண்டில், கடைசி பெஞ்சில் நான்கு பேர். நடைபாதைப் பக்கம் சேர்மதுரை, அடுத்து பிச்சைக்கனி, அடுத்து ஆவுடையப்பன், ஜன்னலோரம் லூர்துராஜ். நால்வரும் நல்ல பிள்ளைகள். சொன்னதைச் செய்வார்கள். குறை என்று பார்த்தால், சொன்னதையே செய்வார்கள். சேர்க்கைப் படிவத்தில் 'இந்தக் கட்டத்தில் எதுவும் எழுதக் கூடாது' என்றிருந்த இடத்தில், 'எழுதவில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தவன் பிச்சைக்கனி.

ஆவுடையப்பனுக்கு ஒரு கஷ்டம் வந்தது. கோமதிநாயகம் சார் வகுப்பு மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை. சாப்பிட்ட வயிறு, தலைக்கு மேலே சுற்றும் விசிறி, சாருடைய குரல், மூன்றும் சேர்ந்தால் ஆவுடையப்பன் தூங்கிவிடுவான். தூங்கினால் குறட்டை விடுவான். குறட்டை கேட்டால் சார் வெளியே அனுப்பிவிடுவார். இப்படியே போய், எழுபத்தைந்து சதவீத வருகைக்கு ஒரே ஒரு வகுப்பு குறைந்தது. பாக்கியிருந்ததும் ஒரே ஒரு வகுப்புதான்.

அதிலும் ஒரு சிக்கல். கோமதிநாயகம் சார் வருகைப் பதிவை வகுப்பு முடிந்து பெல் அடித்த பிறகுதான் எடுப்பார். முதலிலேயே எடுத்தால் பின்வாசல் வழியாக வகுப்பு கரைந்துவிடும் என்பது அவருடைய முப்பது வருட அனுபவம். பெல் அடிக்கும்வரை உள்ளே இருந்து 'உள்ளேன் ஐயா' என்று சொன்னால் ஹால் டிக்கெட். இல்லையென்றால் ஒரு வருஷம் போச்சு. அவன் அப்பாவோ அக்கா கல்யாணப் பத்திரிகையில் 'தம்பி ஆவுடையப்பன், பி.எஸ்சி.' என்று ஏற்கனவே அச்சடித்து, ஐந்நூறு வீடுகளுக்குக் கொடுத்தும் முடித்துவிட்டார். ஐந்நூறு வீட்டிலும் போய் 'பி.எஸ்சி.'யை அடித்துவிட்டு வருவதா என்று ஆவுடையப்பன் இரண்டு நாளாகச் சோறு இறங்காமல் இருந்தான்.

கடைசி வகுப்பன்று காலையில் நால்வரும் தளவாய் அண்ணனைப் பார்க்கப் போனார்கள். மூன்று வருடப் படிப்பை ஆறு வருடம் படித்தவர் அவர். வகுப்பில் சும்மா உட்கார்ந்திருப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"இதுக்குப் போயா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கிய?" என்றார் அவர், டீயை ஆற்றிக்கொண்டே. "அவரு சொல்லுததை ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல விட்டுரணும். கண்ணு மட்டும் போர்டுல இருக்கணும். வாயத் திறக்கப்படாது, அப்பப்போ தலைய ஆட்டணும். அப்படியே யாருக்கும் தெரியாம நேரத்தைக் கடத்திட்டா, சோலி முடிஞ்சுது."

ஆவுடையப்பன் அத்தனையையும் நோட்டில் எழுதிக்கொண்டான். நான்கு கட்டளைகள். கீழே கோடும் போட்டான்.

மதியம் சாப்பிட்டுவிட்டு ஆலோசனை தொடங்கியது.

"ஒரு காதுல வாங்கிருவோம். இன்னொரு காதுன்னா எந்தக் காதுல?" என்று கேட்டான் சேர்மதுரை.

"நம்ம மறுகாதுதான்" என்றான் லூர்துராஜ்.

"எப்படில போகும்? நடுவுல மண்டை இருக்குல்லா."

நால்வரும் அவரவர் மண்டையைத் தட்டிப் பார்த்தார்கள். கெட்டியாகத்தான் இருந்தது.

"அப்போ அடுத்தவன் காதுதான்" என்றான் பிச்சைக்கனி. "சேர்மதுரை வாங்கி என் காதுல விடுவான். நான் ஆவுடை காதுல. ஆவுடை லூர்து காதுல."

"நான் யாரு காதுல விட?"

"உனக்குத்தான் ஜன்னல் இருக்கே."

ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதுதான் கல்லூரி பெல். அதை அடிக்கும் பியூன் ஆறுமுகநயினார் ஜன்னலையொட்டி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். அவரிடமும் இரண்டு காது இருந்தது.

அடுத்து, கண் போர்டில் இருக்க வேண்டும். இதில் விவாதமே வரவில்லை. பிச்சைக்கனிக்குப் படம் வரையத் தெரியும். ஆளுக்கு ஒரு ஜோடியாக எட்டுக் கண்களைக் கரும்பலகையில் இமை முடியோடு வரைந்து வைத்தான்.

இரண்டு மணிக்குக் கோமதிநாயகம் சார் வந்தார். எட்டுக் கண்களும் அவரைப் பார்த்தன.

"யாருல இது?"

"மூணாவது ஜோடி என்னுது சார்" என்று எழுந்து சொன்னான் ஆவுடையப்பன். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன்.

சார் டஸ்டரை எடுத்து எட்டையும் அழித்தார். நால்வரும் திடுக்கிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள். கண் போய்விட்டதே, வேறு என்ன செய்வது?

பாடம் தொடங்கியது. "படிவுப் பாறை உருவாகப் பல கோடி ஆண்டுகள் ஆகும்" என்றார் சார். அந்த வாக்கியம் சேர்மதுரையிடமிருந்து பிச்சைக்கனிக்கும், அங்கிருந்து ஆவுடையப்பனுக்கும், பிறகு லூர்துராஜுக்கும் போய், ஜன்னல் வழியாக நயினார் காதில் விழுந்தது. அவர் "அப்படியா?" என்றார்.

சார் திரும்பிப் பார்த்தபோது ஆவுடையப்பன் கண்ணை மூடியிருந்தான்.

"தூங்குதியால? நான் என்ன சொன்னேன், சொல்லு!"

"படிவுப் பாறை உருவாகப் பல கோடி ஆண்டுகள் ஆகும் சார்."

சாருக்கு வியப்பு. முப்பது வருடத்தில் அவர் கேட்ட கேள்விக்குக் கடைசி பெஞ்சிலிருந்து வந்த முதல் பதில் அது. தூங்குகிறவனால் இப்படிச் சொல்ல முடியாது என்று முடிவு செய்தார்.

ஆனால் வாயைத் திறந்துவிட்டோமே என்று ஆவுடையப்பன் நொந்துகொண்டான். ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்து நோட்டைப் பார்த்தான். இனிமேல் தலை மட்டும்தான்.

"புரியுதால?" என்றார் சார். தலையை ஆட்டினான்.

"புரியலையா?" அதற்கும் ஆட்டினான்.

"வெளிய போறியா?"

அதற்கும் ஆட்டினான். கட்டளை கட்டளைதானே.

"இல்ல, ஒழுங்கா உள்ளேயே இருக்கியா?" ஆட்டினான்.

"என்னமோ இரு" என்று சார் போர்டு பக்கம் திரும்பி, பாறை அடுக்குகளை வரையத் தொடங்கினார்.

பாக்கியிருந்தது நாலாவது கட்டளை. சேர்மதுரையிடமிருந்து காது வழியாகக் கேள்வி வந்தது: "கடத்துததுன்னா என்ன?"

"சந்தனக்கட்டையக் கடத்துதாங்கல்லா, அது மாதிரி" என்று பதில் போனது.

"நேரம் எங்க இருக்கு?"

நால்வரும் கண்ணைத் திறந்து அண்ணாந்து பார்த்தார்கள். அவர்களுடைய தலைக்கு மேலே, பின்சுவரில் மாட்டியிருந்தது. மணி இரண்டு பத்து.

ஆவுடையப்பன் பெஞ்சில் ஏறினான். கடிகாரத்தைக் கழற்றினான். சட்டைக்குள் வைக்கப் போனவனைச் சேர்மதுரை தடுத்தான். "எல்லை தாண்டினாத்தான் கடத்தல். இது சும்மா ஒளிச்சு வைக்கிறது." அதுவும் நியாயம்தான். கடிகாரம் ஜன்னலைத் தாண்டி, கீழே நீட்டிக்கொண்டிருந்த சுவர் விளிம்பில் போய் உட்கார்ந்தது. யாருக்கும் தெரியவில்லை, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த நயினாருக்குக்கூட. ஆவுடையப்பன் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு காரியத்தை முழுதாகச் செய்து முடித்த நிம்மதியோடு சாய்ந்து உட்கார்ந்தான்.

நயினார் பெல் அடிப்பது அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான். அவ்வப்போது எழுந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார். அன்றும் பார்த்தார். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. ஆணியைப் பார்த்து மணி சொல்ல அவருக்குத் தெரியாது. இன்னும் நேரம் வரவில்லை போலிருக்கிறது என்று உட்கார்ந்துவிட்டார்.

செல்போன்கள் எல்லாம் அலுவலகப் பெட்டியில் இருந்தன. சாருக்குக் கைக்கடிகாரம் கட்டினால் தோல் அரிக்கும். அவர் படிவுப் பாறையை முடித்தார். எரிமலைப் பாறையை முடித்தார். பெல் அடிக்கவில்லையே என்று மூன்றாம் ஆண்டுப் பாடத்தையும் தொடங்கினார். வெயில் முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சுக்கு வந்து, பிறகு வெளியே போய்விட்டது. முன்வரிசையில் இருவர் பசியில் அழுதார்கள்.

அப்போதுதான் ஆவுடையப்பனுக்கு உறைத்தது. "ஏல, பெல் அடிக்கலைன்னா அட்டெண்டன்ஸ் கிடையாதுல்லா!"

"அப்போ நேரத்தைத் திருப்பிக் குடுத்திரணும்" என்றான் பிச்சைக்கனி.

லூர்துராஜ் கையை நீட்டி விளிம்பிலிருந்து கடிகாரத்தை எடுத்தான். மணி ஐந்து காட்டியது.

ஆவுடையப்பன் வாங்கிப் பார்த்தான். அவனுக்கு மனசு ஒப்பவில்லை. "நாம எடுத்தது ரெண்டு பத்து. அஞ்சு மணியக் கொண்டு போயி எப்படி மாட்டுதது? அது வேற யாரோட நேரமோ?"

"ஆமா, எடுத்ததைத்தான் குடுக்கணும்" என்றான் சேர்மதுரை.

ஆவுடையப்பன் பின்னாலிருந்த திருகைத் திருகி, முள்ளை மிகச் சரியாக இரண்டு பத்தில் நிறுத்தி, ஆணியில் மாட்டினான்.

நயினார் எட்டிப் பார்த்தார். "ரெண்டு பத்துதானா? நான் என்னமோ சாயங்காலம் ஆயிட்டுன்னுல்லா நெனச்சேன்" என்று மறுபடி உட்கார்ந்தார். சாரும் பார்த்தார். "இன்னும் அம்பது நிமிஷம் இருக்கா? நல்லதாப் போச்சு" என்று போர்டைத் துடைத்துவிட்டு, படிவுப் பாறையை முதலிலிருந்து தொடங்கினார்.

எப்படியோ முள் மூன்றுக்கு வந்தது. பெல் அடித்தது. சார் பதிவேட்டைத் திறந்து, குனிந்தபடியே பெயர்களைப் படித்தார்.

"ஆவுடையப்பன்."

ஆவுடையப்பன் தலையை ஆட்டினான்.

"ஆவுடையப்பன் வரலையா?"

அதற்கும் ஆட்டினான். சாருடைய பேனா 'வரவில்லை' என்று போடத் தாழ்ந்தது. பதறிப்போன பிச்சைக்கனி அவன் காதில், "உள்ளேன் ஐயான்னு சொல்லுல!" என்றான். காதில் வாங்கியதை என்ன செய்ய வேண்டும் என்று ஆவுடையப்பனுக்குத் தெரியும். லூர்துராஜ் காதில் விட்டான். லூர்துராஜ் ஜன்னலில் விட்டான்.

"உள்ளேன் ஐயா!" என்றது வெளியே வேப்பமரத்தடியிலிருந்து நயினாரின் குரல்.

சார் வந்ததாகக் குறித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போனார்.

கேட்ட கதையை அப்படியே எழுதிவிட எனக்குப் பயம். அதனால் போன மாதம் அந்தக் கல்லூரிக்கே போய் விசாரித்தேன். ஆவுடையப்பனுக்கு ஹால் டிக்கெட் கிடைத்ததாக அலுவலகத்தில் சொன்னார்கள். கடிகாரத்தையும் பார்த்தேன். அதே ஆணியில்தான் தொங்குகிறது. அன்றைக்கு மாட்டியதற்குப் பிறகு அதை யாரும் தொடவில்லையாம். மணி இரண்டு ஐம்பத்தைந்து. உள்ளே வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கடைசி பெஞ்சில் யாரோ தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

வெளியே ஸ்டூலில் இருந்தவரிடம், பெல் எப்போது அடிப்பீர்கள் என்று கேட்டேன்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் கெடக்கே தம்பி" என்றார் நயினார். "படிவுப் பாறை உருவாகவே பல கோடி வருசம் ஆவுமாம். நீங்க அஞ்சு நிமிஷம் பொறுக்க மாட்டியளா?"

என் செல்போனை எடுத்துச் சரிபார்த்தேன். மாலை ஐந்தே முக்கால்.