கருவாலிச் சிம்மாசனமும் ஊமையப்பன் நாக்கும்

முன்னொரு காலத்தில், எதையும் கடித்துப் பார்த்த பிறகே நம்புகிற ராஜா ஒருவர் இருந்தார். மல்லவராய மகாராஜா என்று பேர். தூது ஓலை வந்தால் ஓலையின் ஓரத்தைக் கடிப்பார். முத்து வந்தால் முத்தைக் கடிப்பார். ஆணை பிறப்பித்தால் முத்திரை குத்துவதில்லை. ஓலையில் பல்லைப் பதிப்பார், அதுதான் முத்திரை. அவருக்குக் கிளி, மான் என்று உயிருள்ள பரிசு எதையும் யாரும் கொண்டுபோவதில்லை.

ஒருநாள் கப்பல்காரன் ஒருவன் பெரிய பெரிய மரக்கட்டைகளோடு சபைக்கு வந்தான். சீமையில் அந்த மரத்துக்கு ஓக் என்று பேராம். நம் ஆட்கள் கருவாலி என்றார்கள். கப்பல்காரன் அளக்க ஆரம்பித்தான்.

"மகாராஜா, இது வளர முந்நூறு வருஷம், நிற்க முந்நூறு வருஷம், சாக முந்நூறு வருஷம். இதில் பீப்பாய் செய்தால் ஒரு சொட்டு ஒழுகாது. கறையான் ஒருவாய் தின்றால் மறுவாய் தின்னாது."

தொள்ளாயிரம் வருஷம் பக்கத்திலேயே நின்று பார்த்தவன் எவன் என்று சபையில் ஒருத்தரும் கேட்கவில்லை. விற்க வந்தவன் பேச்சில் முக்கால்வாசியைத் தள்ளிவிட்டுத்தான் காது கொடுக்க வேண்டும். ஆனால் அவன் சொன்னதில் கடைசியாக ஒன்று இருந்தது, அது நிஜம்.

"இந்த மரத்துக்கும் இரும்புக்கும் ஆகாது மகாராஜா. செப்பாணிதான் அடிக்க வேண்டும்" என்று சொல்லி, ஒரு கூடை நிறைய செப்பாணியையும் கட்டைகளோடு வைத்துவிட்டுப் போனான்.

ராஜா ஒரு கட்டையை இரண்டு கையாலும் தூக்கிக் கடித்தார். பல் பதியவில்லை. முகம் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டது.

"துவர்க்கிறது" என்றார். "என் பல்லுக்கு மசியாத மரத்தை இன்றுதான் பார்க்கிறேன். இதில் சிம்மாசனம் செய்யுங்கள். இனிமேல் அதில்தான் உட்காருவேன்."

கட்டைகளும் ஆணிக்கூடையும் பிரதானி திருமேனிநாதர் பொறுப்பில் போயின. பிரதானி என்றால் ராஜாவுக்கு அடுத்தபடி. அவர் சாதத்தில் கல் கிடந்தால்கூட அது ஊமையப்பன் வேலை என்பார். ஊமையப்பன் அரண்மனை விகடகவி. அறுபது வயதுக்காரன். நாக்கு ஒன்றுதான் அவன் சொத்து. அதை ஆட்டித்தான் அரிசி வாங்கினான். போன பொங்கலுக்கு அவன் பிரதானி நடப்பதுபோல் நடந்து காட்டியதில் ராஜாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. பிரதானி அதை மறக்கவில்லை.

சிம்மாசனம் தயாரானது. உட்காரும் பலகையில் ஏழும் ஏழுமாக இரண்டு வரிசை ஆணித்தலைகள் செம்பு நிறத்தில் பளபளத்தன. ஊமையப்பன் சுற்றிவந்து பார்த்தான்.

"மகாராஜா, உட்கார்ற இடத்துல இத்தனை ஆணி எதுக்கு? உட்கார்ந்து எந்திரிச்சா உங்க முகம் கறுத்துப்போயிடும்."

ராஜா சிரித்தார். பிரதானி சிரிக்கவில்லை. அந்த வார்த்தையை மடியில் முடிந்துகொண்டார்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். புதுச் சிம்மாசனம் ஏறுகிற ராஜா இருபத்தொரு குடம் தண்ணீரில் குளித்து, வெள்ளை வேட்டியோடு, ஈரம் சொட்டச் சொட்ட வந்து உட்கார வேண்டும். புரோகிதர் சொல்லி முடிக்கிறவரை அசையக் கூடாது. புரோகிதர் அன்றைக்கு நல்ல தெம்பில் இருந்தார். மூன்று நாழிகை இழுத்தார். பிறகு ராஜா எழுந்து, சபைக்கு முதுகைக் காட்டி, குலதெய்வத்தின் படத்தைக் குனிந்து கும்பிட்டார்.

சபை மூச்சை அடக்கிக்கொண்டது. ராஜாவின் பின்புறத்தில், வெள்ளை வேட்டியில், ஏழும் ஏழுமாகப் பதினான்கு கறுப்பு வட்டங்கள். மையைத் தொட்டு வைத்தது போல.

சேனாபதி தொண்டையைச் செருமினார். "என்ன ஒரு தேஜஸ்" என்றார்.

"சிறுத்தைக்குப் புள்ளி எப்படியோ, மன்னருக்கும் அப்படி" என்றார் பிரதானி.

ஊமையப்பனுக்கு வாய் சும்மா இருக்குமா. "யாராச்சும் சோழி எடுத்துட்டு வாங்கப்பா. மகாராஜா இப்படியே குனிஞ்சிருந்தா ஒரு ஆட்டம் பல்லாங்குழி போட்டுடலாம்" என்றான்.

ராஜா நிமிர்ந்தார். முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி பிடிக்கச் சொல்லிப் பார்த்தார். வேட்டியை அவிழ்த்துப் பார்த்தால் கறுப்பு தோலிலும் இறங்கியிருந்தது. சீயக்காய் போட்டுத் தேய்த்தார்கள். செங்கல்பொடி போட்டுத் தேய்த்தார்கள். தோல் சிவந்ததே தவிர கறுப்பு போகவில்லை. கறுப்பும் சிவப்புமாக ராஜா திரும்பிவந்தபோது பிரதானி மடியில் முடிந்ததை அவிழ்த்தார்.

"மன்னா, நேற்று இவன் என்ன சொன்னான் என்பதை நினைத்துப் பாருங்கள். எழுந்தால் கறுக்கும் என்றான், கறுத்துவிட்டது. இடம்தான் கொஞ்சம் மாறிப்போனது. இவனுக்குக் கருநாக்கு. சொன்னது பலிக்கிற நாக்கு. இவன் நாளைக்கு வேறு ஏதாவது சொன்னால் என்ன ஆகும்?"

ராஜா நடுங்கிவிட்டார். "கருநாக்கு என் சபையில் ஆகாது. நான்காம் நாள் காலையில் அறுத்துவிடுங்கள்."

 ஊமையப்பன் கேட்டான். "கருநாக்கு யார் வாயில இருந்தாலுமா மகாராஜா? இல்ல, என் வாயில இருந்தா மட்டுமா?"

"யார் வாயில் இருந்தாலும்."

பிரதானி ஆசையாக அதை அப்படியே ஓலையில் எழுதினார்: நான்காம் நாள் காலையில் சபையில் காணப்படும் கருநாக்குகள் அனைத்தும், யாருடையதாயினும், அறுக்கப்படும். ராஜா ஓலையைக் கடித்துக் கொடுத்தார். பல் வைத்த ஆணையை மாற்றியதாக அந்த நாட்டில் சரித்திரமே இல்லை.

மறுநாள் சபைக்கு வந்த பெரியவர்கள் எல்லோர் வேட்டியிலும் பின்புறம் பதினான்கு கரிப்பொட்டு இருந்தது. ராஜாவுக்கு மட்டும் இருந்தால் மரியாதையாக இருக்காதாம். சேனாபதி வேகமாக உட்கார்ந்து எழுந்ததில் அவருடையது எல்லாம் ஒன்றாய் இழுவிப்போய்விட்டது.

ஊமையப்பன் வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி அங்கம்மாள் ஊறுகாய்க்கு நெல்லிக்காய் அரிந்துகொண்டிருந்தாள்.

"நாக்கு போனா என்ன செய்வீங்க?"

"என்ன செய்யறது? ஜாடை காட்டித்தான் சிரிக்க வைக்கணும்."

"வீட்டுல கொஞ்சம் நிம்மதியா இருக்கும். அரிசிக்குத்தான் யாரைக் கேக்கறதுன்னு தெரியல." சொல்லிவிட்டு அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். மூக்கில் கறுப்பு அப்பிக்கொண்டது.

ஊமையப்பன் அவள் கையைப் பார்த்தான். விரல் நுனியெல்லாம் மை. "ஏ அங்கம்மா, கையில என்ன அது?"

"நெல்லிக்கா அரிஞ்சா கறுக்காதா? அரிவாமணை இரும்பு. நெல்லிக்கா துவர்ப்பு. நாப்பது வருஷமா நான் அரிஞ்சு போடறதைத் தின்னுட்டு, இன்னிக்குத்தான் கையைப் பாக்கறீங்க."

ஊமையப்பன் எழுந்து நின்றுவிட்டான். ராஜா கட்டையைக் கடித்துவிட்டு என்ன சொன்னார்? துவர்க்கிறது என்றார். கப்பல்காரன் என்ன சொன்னான்? இரும்பு ஆகாது என்றான். ஆனால் சிம்மாசனத்தில் இருப்பது செப்பாணி ஆயிற்றே. செப்பாணி என்று சொன்னது யார்?

நேரே தச்சுப்பட்டறைக்குப் போனான். பொன்னாசாரி அவனைக் கண்டதும் உளியைக் கீழே வைத்துவிட்டு வேறுபக்கம் பார்த்தார்.

"ஆசாரியாரே, நீங்க அடிச்சது என்ன ஆணி?"

"பிரதானி ஐயா கொடுத்த ஆணி. அதுக்குமேல என்னைக் கேக்காதீங்க. எனக்கும் ஒரு நாக்குதான்."

ஊமையப்பன் கேட்கவில்லை. கருவாலிச் சீவல் மட்டும் ஒரு கூடை அள்ளிக்கொண்டான். அப்படியே கொல்லுப்பட்டறைக்குப் போய்த் துருப்பிடித்த ஆணி ஒரு படி வாங்கி, புளித்த கஞ்சித் தண்ணீரில் ஊறப்போட்டான்.

நான்காம் நாள் காலை சபை கூடியது. தண்டனை நிறைவேற்றுகிற சங்கிலி என்பவன் குறடும் கத்தியுமாக நின்றான். ஊமையப்பன் தலையில் குடம், கையில் கூடை.

"மகாராஜா, அறுக்கறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. எது கருநாக்கு, எது நல்ல நாக்குன்னு அந்த மரமே சொல்லட்டும். அதைத்தானே நான் கெடுத்ததாச் சொல்றாங்க. இந்தத் தண்ணியில வாயைக் கொப்பளிச்சிட்டு, கருவாலிச் சீவலை மெல்லணும். எந்த நாக்கு கறுக்குதோ அதை அறுத்துக்கலாம். நான் ஒருத்தன் மென்னா நம்ப மாட்டாங்க. எல்லாரும் மெல்லட்டும்."

"நாடகம் ஆடுகிறான்" என்றார் பிரதானி.

"ஐயாவுக்கு அவர் நாக்கு மேல சந்தேகம் இருந்தா வேண்டாம்."

பிரதானி குடத்தைப் பிடுங்கி, ஒருவாய் விட்டுக் கொப்பளித்துத் துப்பினார். சீவலை எடுத்து எல்லோர் கண்ணும் பார்க்க மென்றார். அவர் மென்ற பிறகு யார் மெல்லாமல் இருப்பார்கள்? சேனாபதி, புரோகிதர், காரியஸ்தர், வெண்சாமரம் வீசுகிறவர் என்று குடமும் கூடையும் கைமாறிப் போயின. சங்கிலியும் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டான். சபை முழுக்க மாட்டுத்தொழுவம்போல் அசை போட்டது.

புதிதாக ஒன்று வாய்க்கு வாய் போவதை ராஜா எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். "அதை இங்கே கொண்டுவா" என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை. அவராகவே கொப்பளித்து, ஒரு கை நிறையச் சீவல் அள்ளிப் போட்டுக்கொண்டார்.

"ம். துவர்ப்பு" என்றார்.

"இப்போ எல்லாரும் நாக்கை நீட்டுங்க" என்றான் ஊமையப்பன்.

எண்பது நாக்கு வெளியே வந்தது. எண்பதும் கறுப்பு. பிரதானியின் நாக்கு எருமை நாக்கு மாதிரி இருந்தது. கண்ணாடி கொண்டுவந்து பார்த்தபோது ராஜாவின் நாக்கு அதைவிட ஒரு படி மேலே இருந்தது. ஊமையப்பன் தானும் ஒரு சீவலை மென்று நாக்கை நீட்டினான். வெற்றிலை போட்ட சிவப்பு அப்படியே இருந்தது.

அவன் பல் பதிந்த ஓலையை எடுத்து விரித்தான்.

"கருநாக்குகள் அனைத்தும், யாருடையதாயினும்னு எழுதியிருக்கு. மகாராஜா பல்லும் இருக்கு. சங்கிலி, கத்தியைத் தீட்டு. மகாராஜா, யார்கிட்டேருந்து ஆரம்பிக்கறது? வழக்கப்படி முதல் மரியாதை உங்களுக்குத்தான்."

ராஜா சடக்கென்று வாயை மூடிக்கொண்டார்.

சங்கிலி தலையைச் சொறிந்தான். "சாமி, எனக்கும் கறுத்திருக்குங்க. எல்லாருக்கும் நான் அறுத்துடறேன். என்னோடதை யார் அறுப்பாங்க?"

"ஊமையப்பா" என்றார் ராஜா, பல்லைத் திறக்காமல். "என்ன செய்தாய்?"

"நான் ஒண்ணும் செய்யலை மகாராஜா. உங்களை உட்கார வச்சவர் செஞ்சதைத்தான் வாயில செஞ்சு காட்டினேன். குடத்துல இருக்கறது இரும்பு ஊறின தண்ணி. நான் கொப்பளிக்கவே இல்லை, அதனால எனக்குக் கறுக்கலை. மரம் மட்டும் பட்டா கறுக்காது. இரும்பு மட்டும் பட்டாலும் கறுக்காது. ஈரத்துல ரெண்டும் சேர்ந்தாத்தான் மை. நீங்க ஈரத்தோட உட்கார்ந்தீங்க, மரம் இருந்துச்சு. இரும்பு எங்கேருந்து வந்துச்சு?"

ராஜா சபையின் ஓரத்தில் நின்ற பொன்னாசாரியைப் பார்த்தார். ஆசாரி சங்கிலியின் கையிலிருந்த குறட்டையே வாங்கி, ஓர் ஆணியைப் பிடுங்கி நீட்டினார். ராஜா கடித்தார். ஆணித்தலையில் இருந்த செம்புப் பூச்சு உரிந்தது. உள்ளே இரும்பு.

"என் செப்பாணி எங்கே, திருமேனிநாதரே?"

"உருகிவிட்டது, மன்னா."

"உருகி?"

பிரதானி கறுத்த நாக்கால் உதட்டை நக்கினார். உதடும் கறுத்தது. "வெந்நீர் அண்டாவாக ஆகிவிட்டது, மன்னா. எனக்கு மூட்டுவலி."

ராஜாவுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு எதிரே நின்ற எண்பது கறுத்த வாய்களைப் பார்த்தார். அவர்கள் வேட்டியின் பின்னால் இருக்கிற கரிப்பொட்டு நினைவுக்கு வந்தது. சிரிக்க ஆரம்பித்தார். பல்லெல்லாம் கறுப்பு. அதைப் பார்த்துச் சபை சிரித்தது. சபையின் வாயைப் பார்த்து ராஜா இன்னும் சிரித்தார். விக்கல் வந்துவிட்டது.

"அந்த ஆணையைத் தொலையுங்கள்" என்றார் விக்கலுக்கு நடுவில்.

"பல் வச்சது மகாராஜா. கிழிக்க யாருக்கும் உரிமை இல்லை" என்றான் ஊமையப்பன்.

ராஜா யோசித்தார். ஓலையை வாங்கி, ஓரத்திலிருந்து ஆரம்பித்து, முழுதையும் தின்றார். மென்று விழுங்கித் தண்ணீர் குடித்த பிறகுதான் எல்லோருக்கும் நாக்கு மீண்டது.

மீதிப் பதிமூன்று ஆணியையும் பிரதானி தன் பல்லாலேயே பிடுங்க வேண்டும் என்றார் ராஜா.

"குறடு கொடுங்க மகாராஜா" என்றான் ஊமையப்பன். "பல்லும் போச்சுன்னா ஐயா பேசறது புரியாது. இப்பவே பாதிதான் புரியுது."

ராஜா மறுபடி சிரித்து, குறடு கொடுக்கச் சொன்னார். ஊமையப்பனுக்குப் பரிசாக அந்தச் செப்பு அண்டாவையே கொடுத்தார்.

நாலு பேர் தூக்கிவந்து அண்டாவை வாசலில் இறக்கினார்கள். அங்கம்மாள் சுற்றிவந்து விரலால் தட்டிப் பார்த்தாள்.

"நெல்லிக்கா ஊறுகாயைச் செம்புல போட்டா களிம்பு ஏறும். இதைக் கொண்டாறதுக்கா நாலு நாள் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு அலைஞ்சீங்க? கேட்டதுதான் கேட்டீங்க, ஒரு பீங்கான் ஜாடி கேட்டிருக்கக் கூடாதா?"

சபையிலிருந்து பத்திரமாக மீட்டுக்கொண்டு வந்த அந்த நாக்கை மடக்கி உள்ளே வைத்துக்கொண்டு, ஊமையப்பன் ஜாடி வாங்கக் கடைக்குக் கிளம்பினான்.