தேரை அடையாளம் வைத்தவன்

சொல்கிறேன், கேளுங்கள். முன்னொரு காலத்தில் மணிமாடபுரம் என்றொரு பட்டணம் இருந்தது. அங்கே அரசன் இருந்தான், அரண்மனை இருந்தது, எண்ண முடியாத தெருக்கள் இருந்தன. கதை அரசனைப் பற்றியதல்ல. பட்டணம் பார்க்க வந்த கொம்பையனைப் பற்றியது.

கொம்பையனும் மனைவி வெள்ளாத்தாளும் உப்பு வண்டிக்காரர்களோடு முதன்முறையாகப் பட்டணம் வந்தார்கள். வழியில் முள் தைத்து அவள் கால் வீங்கிவிட்டது. அதனால் அவள் சத்திரத்திலேயே தங்கிவிட்டாள். "பொழுது சாயும்போது கிளம்பிருவோம். புலி நடமாடுற வழி, யாருக்காகவும் நிக்க மாட்டோம்" என்று வண்டிக்காரர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

"தெருப் பேரைக் கேட்டுக்கிட்டுப் போங்க" என்றாள் வெள்ளாத்தாள்.

"எதுக்கு? சத்திரத்து வாசல்லயே தேர் நிக்குதே!" என்றான் கொம்பையன்.

அவன் ஊர்த் தேர் அச்சு முறிந்து, அவன் பிறப்பதற்கு முன்பிருந்தே ஒரே இடத்தில் நின்றது. அதை வைத்துத்தான் அங்கே எல்லாரும் வழி சொல்வார்கள்.

அன்று பட்டணத்தில் தேரோட்டம். கூட்டம் வடத்தைப் பிடித்ததும் கொம்பையனும் ஓடிப்போய்ப் பிடித்தான். ஒரு தெரு முழுக்க இழுத்தான். பிறகு கோட்டை பார்த்தான், கடைவீதி பார்த்தான், யானைக் கொட்டாரம் பார்த்தான். வெயில் தாழ்ந்தது.

பட்டிக்காட்டான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே! தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு பூக்காரியிடம், "தேர் எங்க நிக்குது?" என்று மிடுக்காகக் கேட்டான். அவள் காட்டிய பக்கம் போனான். தேர் இருந்தது, சத்திரம் இல்லை. 'இது வேறு தேர் போல' என்று திரும்பினான். வெற்றிலைக்காரரிடம் கேட்டான். தேர் இருந்தது, சத்திரம் இல்லை. குதிரைக்காரரிடம் கேட்டான். தேர் இருந்தது, சத்திரம் இல்லை.

கொம்பையனுக்கு அழுகை வந்துவிட்டது. தேருக்கு முட்டுக்கட்டை போடுபவரிடம் போய், "ஐயா, எனக்கு ஊர் புதுசு. பெண்சாதி சத்திரத்துல தனியா இருக்கா. காலையில வாசல்ல தேர் நின்னுச்சு, இப்ப வழி தெரியல" என்றான்.

"தேரையே சுத்திச் சுத்தி வந்தியே, இதை முதல்லயே சொல்லக் கூடாதா? காலையில தேர் கிளம்புன கீழவீதியா? அந்தக் கோபுரத்தைத் தாண்டித் திரும்பு" என்றார் அவர்.

ஓடினான். வண்டிகள் பூட்டி நின்றன. முதல் வண்டி மாடுகளுக்கு முன்னால், வீங்கிய காலை நீட்டி, நடுத்தெருவில் உட்கார்ந்திருந்தாள் வெள்ளாத்தாள்.

"எங்க போனீங்க?"

"வாசல்ல நின்ன தேரை இழுத்துட்டுப் போயிட்டாங்க."

"யாரு?"

வடம் உரசிச் சிவந்த உள்ளங்கையைக் கொம்பையன் பார்த்தான்.

"நானுந்தான்" என்றான்.

ஆகவே, புது ஊரில் தங்குமிடத்தின் பெயரைக் கேட்டு வைக்காதவனும், ஊருக்குப் புதியவன் என்று சொல்ல வெட்கப்படுபவனும் கால் தேய நடப்பார்கள்.