பட்டத்து யானைக்கு ஒரு வெல்ல உருண்டை

யானைப்பாகன் ஒச்சப்பனின் வலது கையை மரக்கட்டை மேல் வைத்துக் கட்டியாகிவிட்டது. பக்கத்தில் ஒருத்தன் கத்தி தீட்டிக்கொண்டிருக்கிறான். நான் இங்கேயிருந்துதான் தொடங்குவேன். எந்த நாடு, எந்த ராஜா என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தால் அதற்குள் கை போய்விடும்.

சரி, சட்டென்று சொல்லிவிடுகிறேன். ரொம்பக் காலத்துக்கு முன்னால் வெண்கரை நாட்டைக் கொழுந்தப்ப ராஜா ஆண்டுவந்தார். இந்த இடத்தில் அவருடைய கிரீடத்தை ஒரு பக்கத்துக்கு வர்ணிக்க வேண்டும். நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன், எனக்கு வராது. பளபளவென்று இருந்தது. போதும். ராஜா காலையில் ஒரு சட்டம் போடுவார், மத்தியானச் சாப்பாடு சரியில்லை என்றால் அதை மாற்றுவார். அப்படி ஒரு மத்தியானம் போட்டதுதான் இது: கஞ்சாவைத் தொட்டவன் கையை வெட்டு.

யோசனை சொன்னவர் காவல் தலைவர் விருதுராயர். அமைச்சர் தேனப்பரின் பதவி மேல் அவருக்கு ஒரு கண்.

ஒச்சப்பன் செய்த குற்றம் என்ன? பட்டத்து யானை பவளனுக்குக் கடைவாயில் சீழ். வலியில் சுவரை முட்டியது, தழையைத் தொடவில்லை. அவன் கஞ்சா இலையை வெல்லத்தில் உருட்டிக் கொடுத்தான். யானை தின்றது, தூங்கியது. மிச்சப் பொட்டலத்தோடு விருதுராயர் அவனைப் பிடித்துவிட்டார்.

"கை போனா போகுது சாமி. பவளன் வேற ஆள் கையில வாங்கித் தின்னாதே, அது பட்டினி கிடந்து செத்துரும்" என்றான் ஒச்சப்பன்.

தேனப்பர் எழுந்தார். "மகாராஜா, வெட்டின கையை ஒட்ட முடியாது. நாளைக்கே நீங்கள் சட்டத்தை மாற்றினால்?"

"நான் எப்போது ஐயா சட்டத்தை மாற்றியிருக்கிறேன்?"

அவையில் ஒருத்தர்கூட இருமவில்லை.

"சரி, சரி. வாதம் நடக்கட்டும். கஞ்சா கூடாது என்கிற பக்கம் ஜெயித்தால் கை போகும்."

வெண்கரை அவையில் ஒரு வழக்கம். வாதம் பாதியில் இருக்கும்போது மணி அடிப்பார்கள். உடனே இரண்டு பேரும் இடம் மாறி உட்கார்ந்து, எதிராளியின் கட்சியை மனதாரப் பேச வேண்டும். ஒப்புக்குப் பேசினால் நாடு கடத்தல். எங்கள் பள்ளிக்கூடத்திலும் 'நன்மை தீமைகள்' என்று கட்டுரை கேட்பார்கள். நான் தீமைகளோடு தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். நல்லவேளை, அந்த நாட்டில் பிறக்கவில்லை.

"கஞ்சா தின்றவன் வீட்டை மறப்பான், வயலை மறப்பான்!" என்றார் விருதுராயர்.

"கள் குடித்தவனும் மறக்கிறான். கஞ்சா வலிக்கு மருந்தாகவாவது ஆகிறது" என்றார் தேனப்பர்.

மணி அடித்தது. இடம் மாறினார்கள்.

"கஞ்சா கூடவே கூடாது" என்றார் தேனப்பர். "நானே ஒருதரம் தின்றிருக்கிறேன். மத்தியானம் முழுக்க என் செருப்போடு வழக்காடினேன். கேவலம் என்னவென்றால், செருப்பு ஜெயித்தது."

அவை விழுந்து விழுந்து சிரித்தது.

"சாயந்தரம் என் மகள் சாப்பிடக் கூப்பிட்டாள். 'யாரம்மா நீ?' என்று கேட்டேன். அவள் அழுததை இன்னும் மறக்க முடியவில்லை. பிள்ளைகள் கையில் இது போகக் கூடாது மகாராஜா."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ஒச்சப்பன் முகம் வெளுத்துவிட்டது. "சாமி, நீங்களுமா?"

தேனப்பர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. "ராயரே, நீங்கள் விட்டுவிடுங்கள். கஞ்சாவை மோந்துகூடப் பார்க்காத மனிதர், உங்களால் எப்படிப் பேச முடியும்? கைதட்டல் எனக்கே இருக்கட்டும்."

அந்தக் கடைசி வார்த்தை விருதுராயருக்குச் சுருக்கென்று தைத்தது.

"யார் சொன்னது? கெடுதல் இலையில் இல்லை, தின்னத் தெரியாதவனிடம் இருக்கிறது! பச்சையாகத் தின்றால் செருப்போடுதான் பேச வேண்டும். முதலில் நெய்யில் வதக்கணும், கருகவிடக் கூடாது. கசகசாவும் மிளகும் வைத்து அரைத்து, காய்ச்சின பாலில் கலக்கணும். வெறும் வயிற்றில் ஆகாது. ஆற்றங்கரை இலை தொண்டையைக் கமறும், வடக்குக் குன்று இலைதான் உசத்தி. மேலே ஒரு வெற்றிலை போட்டால், ஆகா! முட்டி வலி போன இடம் தெரியாது!"

இரண்டு கைகளையும் விரித்துக் கைதட்டலுக்காக நின்றார். ஒருத்தரும் தட்டவில்லை.

"ராயரே, அந்த வடக்குக் குன்று இலை உமக்கு எங்கே கிடைக்கிறது?" என்றார் ராஜா.

"அது... பிடித்துக் கொண்டுவந்து கிடங்கில் போடுகிறோமே, அதில்..."

ராஜா சட்டென்று எழுந்தார்.

"பாகனை அவிழ்த்துவிடு. இவரைக் கட்டு!"

விருதுராயர் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். தேனப்பர் குறுக்கே வந்தார். "அப்படியென்றால் என் கையையும் சேர்த்துக் கட்டுங்கள் மகாராஜா. இன்னும் யார் யார் என்று பார்த்துவிடலாம். தொட்டதே இல்லை என்பவர்கள் கையைத் தூக்குங்கள்."

ஒரு கையும் எழவில்லை. "சிவராத்திரிக்குக் குடித்தது கணக்கில் சேருமா?" என்று புரோகிதர் மெதுவாகக் கேட்டார். கத்தி தீட்டியவன் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். ராஜாவின் கை மட்டும் பாதி தூரம் எழுந்தது. திரைக்குப் பின்னால் ராணி தொண்டையைச் செருமினாள். கை அப்படியே போய்க் கிரீடத்தைச் சொறிந்தது.

பிறகு ராஜாவே சிரித்துவிட்டார். "சட்டத்தைப் போட்டதே நான் போதையில் இருந்தபோதுதானோ என்னவோ! கைகளையெல்லாம் வெட்டிவிட்டால் எனக்குக் கைதட்ட யார் இருக்கிறார்கள்? சட்டம் ரத்து. ராயர் இன்றிலிருந்து யானை லத்தி அள்ளட்டும்." கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றித் தேனப்பருக்குப் போட்டார்.

"புதுச் சட்டம், மகாராஜா?"

"ஆற அமர யோசிக்கலாம். அதுவரை அந்தப் பொட்டலம் நம் கண்ணில் படக் கூடாது. நீரே கொண்டுபோய் ஆற்றில் எறிந்துவிட்டு வாரும்."

"உத்தரவு" என்று தேனப்பர் பொட்டலத்தோடு கிளம்பினார்.

ஆற்றுக்குப் போகிற வழியில்தான் யானைக் கொட்டில். வாசலில் ஒச்சப்பன் வெல்லம் இடித்துக்கொண்டிருந்தான். உள்ளே பவளன் சுவரை முட்டுகிற சத்தம் கேட்டது.

தேனப்பர் ஆறு வரைக்கும் போகவில்லை.