கோடு வரைக்கும் மணல்

"மண்ணு அப்படியே இருக்குதுங்க மேடம். ஒரு விரக்கடை கூடக் கொறையலீங்க. அப்புறம் எதுக்குங்க எனக்கு மனசு ஒப்ப மாட்டேங்குது?"

மாரப்பன் இதைக் கேட்டபோது பாலத்தின் மூன்றாவது தூணடியில், கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

குரு என்றால் தாடியும் மரத்தடியும் வேண்டும் என்று நினைப்பவர்கள் திலகவதியைப் பார்த்தால் ஏமாந்துபோவார்கள். அவருக்கு முப்பத்தெட்டு வயது. பாலங்களின் அடியில் முங்கி அஸ்திவாரத்தைச் சோதிப்பது அவர் வேலை. மாரப்பன் பொறியாளர், வயது ஐம்பத்தாறு. என்றோ ஒரு மூன்று நாள் பயிற்சியில் அந்தம்மாவிடம் பாடம் கேட்டார். அன்றிலிருந்து மனசுக்குள் குருவாக வைத்திருக்கிறார். வெளியே சொன்னதில்லை. சொன்னால் அவர் சிரித்துவிடுவார்.

நேற்று போன் போட்டு, "ஒரு எட்டு வந்துட்டுப் போங்க மேடம்" என்றார். காலை முதல் பஸ்ஸில் வந்துவிட்டார் திலகவதி.

நான்கு நாள் வெள்ளம். பாலத்தை அடைத்துவிட்டார்கள். முந்தாநாள் ராத்திரி தண்ணீர் வடிந்தது. இனி திறக்கலாம் என்று கையெழுத்துப் போட வேண்டியவர் மாரப்பன். தாள் சட்டைப்பையில் இருந்தது. எல்லாம் எழுதியாயிற்று, கையெழுத்துதான் பாக்கி.

எட்டு வருஷத்துக்கு முன்னால், ஆற்று மணல் எதுவரை இருக்கிறதென்று ஒவ்வொரு தூணிலும் வெள்ளைப் பெயிண்டில் கோடு போட்டவர் அவர்தான். மரங்களையே பிடுங்கிக்கொண்டு போன வெள்ளம் இது. ஆனால் மணல் மட்டும் கோட்டைத் தொட்டுக்கொண்டு சாதுவாகக் கிடந்தது. ஊரே அதைப் பார்த்து நிம்மதியானது. மாரப்பனுக்கு அதுதான் உதைத்தது.

"எப்ப அளந்தீங்க சார்?" என்று கேட்டார் திலகவதி.

"வடிஞ்ச உடனேங்க. நேத்து மூணு தடவை, இன்னிக்கு ரெண்டு தடவை."

"வெள்ளம் ஓடறப்ப?"

"அப்ப யாருங்க எறங்குவாங்க?"

திலகவதி தண்ணீர் வரும் திசையைப் பார்த்தார். கால்சட்டையை இன்னும் ஒரு மடிப்பு மேலே சுருட்டிக்கொண்டார்.

மாரப்பனின் போன் அடித்தது. மருமகன்.

"மாமா, கோகிலாவுக்கு வலி எடுத்திருச்சுங்க. கார்ல ஏத்திட்டு வந்துட்டேன். பாலம் தெறந்தாச்சுங்களா?"

மகள் வீடு அக்கரையில். ஆஸ்பத்திரி இக்கரையில். பாலத்தில் வந்தால் பத்து நிமிஷம். அடுத்த பாலத்தைச் சுற்றி வந்தால் ஒரு மணி நேரம், ரோட்டில் தண்ணீர் நின்றால் அதற்கும் மேலே.

மாரப்பன் நிமிர்ந்து பார்த்தார். அக்கரைத் தடுப்புக்குப் பின்னால் அந்த வெள்ளைக் கார் நின்றது. தாளை எடுத்துத் தொடைமேல் விரித்தார். பேனா மூடியைப் பல்லால் கழற்றினார்.

"சார், ஒரு நிமிஷம்" என்றார் திலகவதி.

தண்ணீர் கொஞ்சம் வேகமாக ஓடும் இடமாகப் பார்த்து வலது காலை ஊன்றினார். வந்த தண்ணீர் காலில் முட்டி, கீழே சுழன்று, மணலை அள்ளிக்கொண்டு போனது. பாதம் இறங்கியது. அவர் அசையவில்லை. கணுக்காலும் மணலுக்குள் போனது.

பிறகு காலை உருவிக்கொண்டு நாலு அடி தள்ளிப் போய் நின்றார். கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எங்க நின்னேன்?"

"மேடம், எம் புள்ளை அங்க துடிச்சுட்டு இருக்குது. இப்பப் போயி..."

"எங்க நின்னேன்னு காட்டுங்க."

மாரப்பனுக்குக் கோபம் வந்தது. இது என்ன பெரிய வித்தை என்று விரலை நீட்டினார். நீட்டிய விரல் நின்றுவிட்டது. இங்கேயா? இல்லை, அங்கே. கண்ணெதிரே பார்த்ததுதான். இப்போது எல்லா இடமும் ஒரே மாதிரி சமமாகக் கிடந்தது.

குனிந்து உள்ளங்கையால் தடவினார். மணல் கையை எதிர்த்தது. இன்னும் ஒரு முழம் தள்ளித் தடவினார். அங்கேயும் எதிர்த்தது. அதற்கடுத்த இடத்தில் கை மணிக்கட்டு வரை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

கையை எடுக்காமல் அப்படியே குனிந்து நின்றார். தாள் நழுவித் தண்ணீரில் விழுந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

கரையோரம் பன்னிரண்டடி இரும்புக் கம்பி கிடந்தது. அதை இழுத்துக்கொண்டு வந்தார். முதலில் தூணிலிருந்து இருபது தப்படி தள்ளி நட்டு, உடம்பின் கனம் முழுவதையும் போட்டு அழுத்தினார். இரண்டடி போயிற்று. அதற்குமேல் அசையவில்லை.

பிறகு தூணுக்கு வந்தார். தண்ணீர் வந்து மோதும் பக்கம், தன் வெள்ளைக் கோட்டுக்கு நேர் கீழே, கம்பியை வைத்தார்.

அழுத்த வேண்டியிருக்கவில்லை. நாலடி போனது. எட்டடி போனது. கடைசியில் கம்பியைப் பிடித்திருந்த முஷ்டி தண்ணீரைத் தொட்டது, மணலையும் தொட்டது.

"தூண் எத்தனை அடி கீழ போகுதுங்க சார்?" என்று கேட்டார் திலகவதி. குரல் தணிந்திருந்தது.

"பதினாலுங்க. வெள்ளம் பறிச்ச குழியை வடியறப்ப வந்த லேசு மண்ணு மூடி வெச்சிருக்குது, மிச்சம் ரெண்டடிதானுங்க புடிமானம்."

மேலே பாலத்து முனையில் யாரோ விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். மேற்கே மலைப்பக்கம் இன்னும் கருகருவென்றுதான் இருந்தது. இன்றைக்கே மறுபடி தண்ணீர் வரலாம்.

மாரப்பன் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடியே மறு கையால் போன் போட்டார்.

"மாப்பிள்ளை, வண்டியைத் திருப்புங்க. சுத்திட்டு வாங்க."

"மாமா, என்னங்க சொல்றீங்க? ஒரு மணி நேரம் ஆகுமுங்க. இவளால தாங்க முடியலீங்க. இந்த ஒரு வண்டியை மட்டும் விடச் சொல்லுங்க மாமா."

"திருப்புங்க."

அந்தப் பக்கம் போன் கை மாறியது. மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"அப்பா..." மகள் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "நான் பாத்துட்டுத்தானேப்பா இருக்கறேன். பாலம் நல்லாத்தானே நிக்குது?"

"நானும் அஞ்சு தடவை பாத்தேன் அம்முணி" என்றார் மாரப்பன். "நீ சுத்திட்டு வா."