நான்கு பத்தியமும் ஒரு வயிற்றுவலியும்

முன்னொரு காலத்தில் புன்னைவள நாட்டை முடித்தலைமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் மனம் குளிர்ந்தால் ஒருவனுக்கு யானையைக் கொடுப்பான். அது பிளிறித் தன் பகல் தூக்கத்தைக் கெடுத்தால், மாலையிலேயே திருப்பிக் கேட்பான். அப்பேர்ப்பட்ட மகராசன்!

அவனுடைய தலைநகரில் பெரிய வைத்தியசாலை ஒன்று இருந்தது. அதற்குத் தலைவி உமையாள் என்ற மருத்துவச்சி. அவளுக்குக் கீழே நான்கு வைத்தியர்கள். நால்வரும் மகா கெட்டிக்காரர்கள், தொல்லையே அதுதான். இன்னொருவரிடம் யோசனை கேட்பதை மானக்கேடாக நினைப்பார்கள். ஒரே நோயாளியைத் தனித்தனியாக வந்து பார்ப்பார்கள். தனித்தனியாகப் பத்தியம் வைப்பார்கள். உமையாளும் கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். தலையை ஆட்டிவிட்டுப் பழையபடியே போனார்கள்.

அரண்மனைக் காரியஸ்தர் காளத்தியாருக்கு அந்தத் தலைமைப் பதவியின்மேல் ஒரு கண். தன் மைத்துனனை அங்கே உட்காரவைக்க வேண்டுமென்று ஆசை. ஒருநாள் நிறைந்த சபையில் வயிற்றின் வலப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, மகாராஜா!" என்று சுருண்டு விழுந்தார். நான்கு வைத்தியர்களும் ஓடிவந்து, ஒருவர் பின் ஒருவராக நாடி பிடித்தார்கள்.

"பித்தம். உப்பு கூடாது" என்றார் மூத்தவர் மருதவாணர்.

"வாதம். புளி ஆகாது" என்றார் அடுத்தவர்.

"குடல் இறுகியிருக்கிறது. அரிசி, பருப்பு வேண்டாம்" என்றார் மூன்றாமவர்.

"காய், கனி, பால் மூன்றும் விஷம்" என்றார் நான்காமவர்.

காளத்தியார் படுத்தபடியே ராஜாவைப் பார்த்தார். "கேட்டீர்களா பிரபு? ஒரு வயிறு, நான்கு நோய்! இந்த அம்மாள் நிர்வாகம் செய்கிற லட்சணம் இது."

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உமையாள்! மூன்று நாள் தருகிறேன். நால்வரும் ஒரே வார்த்தை சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நீயும் போகலாம், அவர்களும் போகலாம். காளத்தியாரின் மைத்துனன் பார்த்துக்கொள்வான்."

"உத்தரவு மகாராஜா" என்றாள் உமையாள். "ஒரே ஒரு வரம் வேண்டும். அதுவரை காளத்தியார் எங்களிடமே இருக்கட்டும். பத்தியம் வைத்தவர்கள் அவரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து, அவர் சாப்பிடுவதையே சாப்பிடட்டும். நானும் உட்காருகிறேன்."

ராஜாவுக்கு இது வேடிக்கையாக இருந்தது. "அப்படியே ஆகட்டும்" என்றான்.

ஆறு இலை போட்டார்கள். உப்பைக் கழித்து, புளியைக் கழித்து, அரிசி பருப்பைக் கழித்து, காய் கனி பாலையும் கழித்தால் என்ன மிஞ்சும்? சீரக வெந்நீர்தான் மிஞ்சியது. காலையிலும் அதுதான், மாலையிலும் அதுதான்.

முதல் நாள் யாரும் வாய் திறக்கவில்லை. ரோஷம் அல்லவா! இரண்டாம் நாள் மதியம் மருதவாணரின் வயிறு பந்தி முழுக்கக் கேட்கும்படி உறுமியது. அவர் மெதுவாகப் பக்கத்து இலையில் இருந்த மூன்றாமவர் பக்கம் சாய்ந்தார்.

"ஓய், கொஞ்சம் அரிசிக் கஞ்சி கொடுத்தால்தான் என்ன?"

"கொடுக்கலாம். நீர் உப்பை விட்டுக்கொடுப்பீரா?"

"உமக்கு நாடியில் என்ன தெரிந்தது? அதைச் சொல்லும் முதலில்."

மூன்றாமவர் வெந்நீரைத் தள்ளி வைத்தார். "உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. சபையில் நீர் பித்தம் என்று அடித்துச் சொன்னீர். நான் ஒன்றுமில்லை என்றால் சிரிப்பார்களே என்று பயம்."

மருதவாணர் கண்கள் விரிந்தன. "அட பாவி மனுஷா! எனக்கும் ஒன்றும் தெரியவில்லையே!"

"எனக்கும்தான்!" என்றார்கள் மற்ற இருவரும். நால்வருக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பத்து வருஷம் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தவர்கள் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சேர்ந்து சிரித்தார்கள். உமையாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மூன்றாம் நாள் ராஜா வந்தான். நால்வரும் ஒரே குரலில், "காளத்தியாருக்கு ஒரு நோயும் இல்லை, மகாராஜா!" என்றார்கள்.

காளத்தியார் மறுத்திருப்பார். ஆனால் அடுப்பங்கரையிலிருந்து சாம்பார் வாசனை வந்தது. "நோய் இல்லை, நோய் இல்லை! சோறு போடுங்கள்!" என்று கதறிவிட்டார்.

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "இந்த ஆள் நடிப்பது உனக்குத் தெரியுமா உமையாள்?"

"முதலிலேயே தெரியும் பிரபு. வலப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர், உங்கள் பக்கம் திரும்பியதும் இடப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்."

"அப்போதே சொல்லியிருக்கலாமே! எதற்காகப் பட்டினி கிடந்தாய்?"

"சொல்லியிருந்தால் காளத்தியார் மட்டும் பிடிபட்டிருப்பார். என் வைத்தியர்கள் பேசியிருக்க மாட்டார்கள். அவர்கள் பசித்திருக்கும்போது நான் மட்டும் சாப்பிட்டால் அவர்களுக்குத் தலைவி என்று எப்படிச் சொல்லிக்கொள்வது?"

ராஜா தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி உமையாளுக்குப் போட்டான். "நோயாளியாக வந்தீர், பரிமாறுகிறவராக இரும்" என்று காளத்தியாரை ஒரு மண்டலம் கஞ்சி வாளி தூக்கவைத்தான்.

மறுநாள் சபையில் அமைச்சர்கள், ஆற்றுக்கு அணையை எங்கே கட்டலாம் என்று கேட்டார்கள். ராஜா வழக்கம்போல ஏதோ ஓர் இடத்தைக் காட்ட விரலை நீட்டப் போனான், நிறுத்திக்கொண்டான். "எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சேர்ந்து பேசிச் சொல்லுங்கள்" என்றான்.

சபை வெலவெலத்துப் போயிற்று. மன்னருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஆள் ஓடியது. நான்கு வைத்தியர்களும் வந்தார்கள், நாடி பிடித்தார்கள், ஓரமாகப் போய்க் கூடிப் பேசினார்கள்.

"கவலை வேண்டாம்" என்றார் மருதவாணர். "மகாராஜா இன்றைக்குத்தான் நல்ல சுகமாக இருக்கிறார்."