வெளுத்துப்போன ராஜாவும் கருப்புப் புலியும்

ஒரு ஊர்ல ஒரு செங்கமலம் இருந்தா. கதைப் புஸ்தகத்துக்கு மரக்கட்டையில படம் செதுக்குறவ. கை தங்கமான கை. ஆனா உக்காந்தா அடியில தேள் இருக்கிற மாதிரி நெளிவா. கேக்குறியா? ம் சொல்லு.

அச்சாபீஸ்காரர் வேலாயுதம். பொடி போட்டுப் போட்டு மூக்காலயே பேசுவாரு. "ஙெங்கமலம், புலியும் ராஜாவும் சண்டை போடுற படம் வேணும். சாயங்காலம் திருவிழாவுக்குப் புஸ்தக வண்டி கெளம்புது. படம் சரியா விழலைன்னா அடுத்த புஸ்தகம் வேற ஆளுக்கு"ன்னாரு.

உக்காந்தா. கர்ரக் கர்ரக். தெருவுல மேளம் கேட்டுச்சா, எட்டிப் பாத்தா. டிக். ராஜா மீசை பேந்து போச்சு. அப்புறம் என்ன, இழைப்புளியால சர்ர்ருன்னு மேலெல்லாம் சீவிட்டு மொதல்லேந்து. அப்போ காலு மரத்துச்சு, மாத்திப் போட்டா. டிக். புலிக்கு வாலு இல்ல. மறுபடி சர்ர்ர். மூணாவது தடவை பல்லைக் கடிச்சுக்கிட்டு முடிச்சா. புலி உறுமுது.

தூங்கிட்டியா? ம்... சரி.

அப்புறம் அச்சாபீஸ்ல ஈய எழுத்துங்களுக்கு நடுவுல கட்டையை வச்சு, மை உருட்டி, காகிதம் போட்டு, டக்-கடக். எடுத்துப் பாத்தா எழுத்து இருக்கு, நடுவுல வெள்ளை.

"ஙெங்கமலம், புலி தண்ணி குடிக்கப் போயிருக்கா?"

சீவிச் சீவி கட்டை எழுத்தைவிடத் தாழ்ந்து போச்சு. மையே படல. வெளியில வண்டிமாடு ஜல்ஜல்லுங்குது. கட்டைக்கு அடியில காகிதம் மடிச்சு வச்சா. டக்-கடக். புலி காது மட்டும். அட்டை வச்சா. டக்-கடக். காதும் மீசையும். அப்போ அவளுக்குப் பொறுக்கல, கையில கெடச்ச அட்டையெல்லாம் திணிச்சா. டக்-கடக். புலிப் பக்கம் கட்டை தூக்கிக்கிச்சு. புலி கன்னங்கரேல்னு பாயுது, ராஜா புகை மாதிரி நிக்கிறான்.

"ராஜா பயத்துல வெளுத்துட்டான் அண்ணே."

"வாயப் பாரு. அச்சை ஓட்டு, நேரமில்ல."

வண்டி போச்சு. செங்கமலம் மூணு நாளு சோறு திங்காம, வாசலுக்கும் அடுப்படிக்கும் நடையா நடந்தா. திருவிழாவுல என்னாச்சு தெரியுமா? "அந்தக் கருப்புப் புலி புஸ்தகம் குடு"ன்னு ஒரே தள்ளுமுள்ளு. ஒண்ணுகூட மிச்சமில்ல.

மூணாம் நாளு வேலாயுதம் வந்தாரு. நல்லாருக்குன்னு சொல்ல மாட்டாரே மனுஷன். ஒரு தும்மல், ஆஅச்சூ. ரெண்டு மடங்கு தடிமனா ஒரு கட்டையைத் தொப்புன்னு போட்டாரு.

"அடுத்தது யானை. எத்தினி தடவை வேணா சீவிக்க."

அவ்வளவுதான். புலியே படுத்தாச்சு, நீயும் கண்ணை மூடு.